கையை மீறும் கோபம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோபம், எரிச்சல், ஆறாத மனத்தாங்கல் பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும் தருகிறோம். பதில் எழுதியவர்கள், மனநல மருத்துவரும் ஆலோசகர்களும் அடங்கிய குழுவினர்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால், எட்டு பத்துக்கு வேன் வரும்வரை பையனிடம் கத்திக்கொண்டே இருக்கிறேன். அவனுக்குப் பத்து வயது. ஒரு சாக்ஸைக் காணோம், டைரியில் கையெழுத்து வாங்கவில்லை, பல் தேய்க்கப் போனவன் கண்ணாடி முன்னால் பாடிக்கொண்டு நிற்கிறான். போன வாரம் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். ஆபீஸில் உட்கார்ந்தால் அதே நினைப்பு. பத்து வரை எண்ணிப் பார்த்தாயிற்று, பலனில்லை.
- வாசகி, திருச்சி

எண்ணும்போதே மனசுக்குள் ‘இன்னும் கிளம்பலை பாரு, வேணும்னே பண்றான்’ என்று ஓடிக்கொண்டிருந்தால் நூறு வரை எண்ணினாலும் அடங்காது. கோபம் ஏறியதும் அட்ரினலின் சுரந்து, இதயத் துடிப்பு கூடி, தசைகள் இறுகுகின்றன. இது பத்து விநாடியில் இறங்குகிற விஷயமில்லை. சண்டை நின்ற பிறகும் உடம்பு பழைய நிலைக்கு வர 20 நிமிடமாவது ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அதையே திரும்ப நினைத்தால் மறுபடி முதலிலிருந்து.

அதனால் கோபம் உச்சிக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும். 0 என்றால் அமைதி, 10 என்றால் அடிக்கக் கை ஓங்குவது என்று மனசுக்குள் ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். 4-இல் உடம்பு ஏதாவது ஒரு தகவல் கொடுக்கும். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காதுமடல் சூடாகும், பலருக்குப் பேச்சு வேகமாகும். உங்களுக்கு எது என்று ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். 8-ஐத் தாண்டிய பிறகு எந்தப் பயிற்சியும் கைகொடுக்காது. அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: அடுப்பை அணைத்துவிட்டு, ‘அம்மா ரெண்டு நிமிஷத்துல வரேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போவது.

4-இல் பிடித்துவிட்டால் மூச்சு உதவும். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை உதட்டைக் குவித்து விடுங்கள். வெளியே விடும் நேரம் நீள்வதுதான் இதில் முக்கியம். அப்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, ஆக நிமிடத்துக்கு ஆறு. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, ‘ஆழமா மூச்சு விடு’ என்று சொன்னதும் நெஞ்சு விரிய வேகவேகமாக இழுப்பது. அப்படிச் செய்தால் தலை கிறுகிறுக்கும், படபடப்பு கூடும். இன்னொரு தவறு, கோபம் வந்த அன்றுதான் முதன்முதலாக இதைச் செய்து பார்ப்பது. கோபமில்லாத நேரத்தில் தினம் ஐந்து நிமிடம் என்று இரண்டு வாரமாவது பழகியிருந்தால்தான் அவசரத்துக்கு உதவும்.

இனி பையன் விஷயம். உங்கள் கடிதத்தில் இருக்கும் பிரச்சினையில் பாதி, கோபம் இல்லை, நேரம். சாக்ஸ், டைரி, பெல்ட், ஐடி கார்டு எல்லாம் இரவு எட்டரைக்கு, தூக்கம் வருவதற்கு முன், அவன் கையாலேயே எடுத்து வைக்கப்பட வேண்டும். காலையில் நீங்கள் அவனைவிட 20 நிமிடம் முன்னால் எழுந்து உங்கள் குளியலையும் காபியையும் முடித்துவிடுங்கள். சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அவனருகே போய், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பதால் பயனில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லையே. ‘வாய் கொப்பளிச்சிட்டு சட்டையைப் போடு’ என்றால் அவனுக்கு விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் கத்துவதை நிறுத்திய முதல் சில நாள்கள் அவன் இன்னும் மெதுவாகக் கிளம்புவான். ஐந்தாவது தடவை குரல் உயரும்போதுதான் நிஜமாகவே கிளம்ப வேண்டும் என்று இத்தனை நாளாகப் பழகியிருக்கிறான். அந்த ஐந்தாவது குரலுக்காகக் காத்திருப்பான். இந்த இடத்தில்தான் பல பெற்றோர் ‘நல்லா சொன்னா இவன் கேக்க மாட்டான்’ என்று முடிவுகட்டிப் பழையபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படி ஆரம்பித்தால், இன்னும் கொஞ்சம் தாமதித்தால் குரல் வரும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். ஒருநாள் டைரி கையெழுத்து இல்லாமலே போகட்டும். வகுப்பில் டீச்சர் கேட்பதை அவனே சமாளிக்கட்டும்.

அடித்தது, கத்தியது பற்றி அன்று மாலையே பேசிவிடுங்கள். ‘காலையில நான் அடிச்சது தப்பு. இனிமே கை நீட்ட மாட்டேன். நாளைக்கு பேகை ராத்திரியே எடுத்து வெச்சுடலாம்.’ இவ்வளவு போதும். ‘நீ ஒழுங்கா கிளம்பியிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்’ என்று ஒட்டுப்போட்டால் மன்னிப்பு இரண்டாவது திட்டாகிவிடும். குற்ற உணர்ச்சியில் அரை மணி நேரம் கூடுதலாக செல்போன் கொடுப்பதும் வேண்டாம்.

உப்பு, காரம், வெங்காயம், பூண்டைக் குறைத்தால் கோபம் குறையும் என்கிறார்களே?
- வாசகர், கும்பகோணம்

கோபத்துக்காக இவற்றை நிறுத்த வேண்டியதில்லை. (ரத்த அழுத்தம் இருந்தால் உப்பைக் குறைப்பது வேறு கணக்கு.) தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, எத்தனை மணிக்குத் தட்டு வந்தது என்பதைப் பாருங்கள். காலை இட்லியைத் தவிர்த்துவிட்டு இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் ஒரு மணிக்கு எரிந்து விழுவதில் ஆச்சரியம் இல்லை. தூக்கக் குறைவு, மது, மாலைக்கு மேல் குடித்து இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் காபி ஆகியவையும் கோபத்துக்குக் கதவைத் திறந்து வைப்பவை.

என் அறைத்தோழன், கோபம் வந்தால் தலையணையைக் குத்து, மொட்டை மாடிக்குப் போய்க் கத்து, உள்ளேயே வைத்திருந்தால் பிரஷர் குக்கர் மாதிரி வெடிக்கும் என்கிறான். காசு வாங்கிக்கொண்டு கண்ணாடி, பாட்டில் எல்லாம் உடைக்க விடும் அறைகள்கூட வந்துவிட்டன. இதெல்லாம் நல்லதா?
- வாசகர், கோயம்புத்தூர்

குக்கர் உவமைதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலம். குக்கரில் ஆவியை வெளியேற்றினால் அழுத்தம் குறையும். மனிதன் கையை ஓங்கிக் குத்தும்போது இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. அழுத்தம் கூடத்தான் செய்கிறது. ‘கொட்டித் தீர்த்தால் சரியாகும்’ என்ற எண்ணம் வியன்னா மருத்துவர்களான பிராய்டும் பிராயரும் எழுதிய காலத்திலிருந்து மேற்கில் வேரூன்றியது. சோதித்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாக விமர்சித்து முதலில் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பகுதியினர், விமர்சித்தவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் மிக அதிகக் கோபத்தோடு இருந்தவர்கள், ஆளை நினைத்துக் குத்தியவர்கள். எதிராளியைத் துன்புறுத்தும் எண்ணம் குறைவாக இருந்தது சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம். 2024-இல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா, தசைத் தளர்வு போன்று உடலின் கொதிப்பைக் குறைப்பவை கோபத்தையும் குறைத்தன. கொதிப்பைக் கூட்டுபவை மொத்தத்தில் பலனளிக்கவில்லை. மெல்லோட்டம் கோபத்தைக் கூட்டும் பக்கமே சாய்ந்திருந்தது. ஓட்டம் இதயத்துக்கு நல்லது, விடிகாலையில் ஓடுங்கள். சண்டை போட்டுவிட்டு, அதே சண்டையைத் தலையில் ஓட்டிக்கொண்டு ஓடாதீர்கள்.

தலையணைக்குப் பதில் இதைச் செய்யுங்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த தசைத் தளர்வு முறையின் சுருக்கம் இது. நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்து 5 விநாடி இறுக்குங்கள், முழு பலத்தில் வேண்டாம், முக்கால் பலம் போதும். சட்டென்று விட்டுவிட்டு 15 விநாடி கையில் ஏற்படும் கனத்தையும் சூட்டையும் மட்டும் கவனியுங்கள். அடுத்து தோள்களைக் காது வரை தூக்கி இறுக்கி விடுங்கள். பிறகு பற்களைக் கடித்துத் தாடை, கடைசியாக வயிறும் தொடைகளும். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. மூன்று சுற்று செய்யுங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் தோளையும், ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

உங்கள் அறைத்தோழன் சொன்னதில் ஒரு பாதி சரி. உள்ளேயே அமுக்கி வைப்பதும் தீர்வில்லை. அதற்கு அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

மேனேஜர் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என்னை மட்டம் தட்டுகிறார். நான் சிரித்த முகத்தோடு ‘ஓகே சார்’ என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் குழம்பில் உப்பு இல்லை என்று மனைவியிடம் பாய்கிறேன். அவள் ‘ஆபீஸ்ல பூனை, வீட்ல புலி’ என்கிறாள். உண்மைதான்.
- வாசகர், சென்னை

சிரித்த முகம் உள்ளே நடப்பதை நிறுத்துவதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1990-களில் செய்த ஆய்வுகளில், உணர்ச்சி முகத்தில் தெரியாமல் மறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு ரத்தநாளங்களின் இறுக்கம் கூடியிருந்தது. உணர்ச்சி அப்படியே இருக்க, அதை மறைக்கும் வேலையும் உடம்பின் தலையில் சேர்ந்துகொள்கிறது.

அமுக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது சொல்லுவது. அன்றைக்கே சொல்லாதீர்கள், சூடு ஆறியிருக்காது. ஒரு வாரம் தள்ளினாலும் ‘எந்த மீட்டிங்?’ என்பார். மறுநாள் காலை பத்து நிமிடம் தனியாக நேரம் கேளுங்கள். சொல்ல வேண்டியதை முன்பே மூன்று வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நடந்தது, அதன் விளைவு, உங்கள் கோரிக்கை.

‘நேத்து ரிவ்யூல ரிப்போர்ட் லேட்னு டீம் முன்னால சொன்னீங்க சார்; லேட் ஆனது உண்மை, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுறேன். எல்லார் முன்னாலும் சொல்லும்போது அடுத்து டீம்கிட்ட வேலை வாங்குறது கஷ்டமா இருக்கு. இந்த மாதிரி விஷயங்களை என்கிட்ட தனியா சொல்லுங்க.’

இதில் ‘எப்பவுமே’, ‘வேணும்னே’, ‘மத்தவங்களை மட்டும்’ போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றில் ஒன்று நுழைந்தாலும் பேச்சு அந்தச் சொல்லைப் பற்றிய வாதமாக மாறிவிடும். பழைய பாக்கிகளையும் சேர்த்துக் கொட்ட வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு மெயில் எழுதினால் ‘டிராஃப்ட்’டில் போட்டுவிட்டு, அனுப்ப வேண்டியவர் முகவரிக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். காலையில் படித்தால் பாதியை நீங்களே வெட்டுவீர்கள். சொல்லியும் மாறாத மேலாளர்கள் உண்டு. அப்போது தேதியோடு குறிப்பு எடுத்து வைப்பது, மனிதவளத் துறைக்குப் போவது, வேறு வேலை தேடுவது என்று பாதைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூச்சுப் பயிற்சியால் தாங்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

வீட்டுக்கு: வாசலில் நுழைந்த முதல் அரை மணி நேரம் முக்கியமான பேச்சு எதுவும் இல்லை என்று மனைவியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ‘இன்னிக்கு ஆபீஸ்ல ஒரு மாதிரி ஆயிடுச்சு, நான் கொஞ்சம் கடுகடுன்னு இருப்பேன், உன் மேல கோபம் இல்லை’ என்று சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால்தான் குழம்பின் மேல் பழி விழுகிறது. அதேபோல் அவருக்கும் ஒரு நாள் ஓடியிருக்கிறது; அந்த அரை மணி நேரம் அவருக்கும் உரியது.

பைக்கில் ஏறினால் நான் வேறு ஆள். ராங் சைடில் வருகிறவன், சிக்னல் விழுமுன் ஹாரன் அடிக்கிறவன் எல்லாரையும் திட்டிக்கொண்டே ஓட்டுகிறேன்.
- வாசகர், மதுரை

பத்து நிமிடம் முன்னால் கிளம்பிப் பாருங்கள், திட்டு பாதியாகும். சாலைக் கோபத்தில் பெரும்பங்கு, மற்றவர்களின் ஓட்டுதலைவிட நம் தாமதத்துக்கே. மிச்சம், ‘என்னை மதிக்காமல் குறுக்கே வருகிறான்’ என்ற எண்ணம். அவன் உங்களைப் பார்க்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

சிவப்பு விளக்கில் 60 விநாடி ஓடினால் அது சரியாக ஆறு மூச்சு. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் விரல்களைத் தளர்த்தி, தோளைக் கீழே இறக்கிவிட்டு மூச்சை எண்ணுங்கள். யாரையும் துரத்திப் போய் நியாயம் கேட்காதீர்கள். பின்னால் குடும்பம் உட்கார்ந்திருக்கும்போது இது இன்னும் கண்டிப்பு.

என் வளைகாப்பு அன்று ஓரகத்தி, ‘இவங்க வீட்ல போட்ட நகைக்கு வளையலே அதிகம்’ என்று சபையில் சொல்லிச் சிரித்தார். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இன்றும் இரவு படுத்தால் அந்தக் கூடம், அந்தச் சிரிப்பு, நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எல்லாம் ஓடுகிறது. மன்னித்துவிடு என்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் மறுபடி ஒரு விசேஷத்தில் அவரைப் பார்க்க வேண்டும்.
- வாசகி, தஞ்சாவூர்

‘எப்படி’ என்று கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒவ்வொரு முறை அந்தக் காட்சியை ஓட்டும்போதும் உடம்புக்கு அது இன்று நடப்பதுதான். அதே துடிப்பு, அதே இறுக்கம். ‘நினைக்கவே கூடாது’ என்று தடை போட்டால் இன்னும் அதிகமாக வரும். அதனால் நினைப்புக்கு ஓர் இடமும் நேரமும் கொடுத்துவிடுங்கள்: மாலை ஆறு மணி, 15 நிமிடம், ஒரு குறிப்பிட்ட நாற்காலி. இரவில் வந்தால் ‘நாளைக்கு ஆறு மணிக்கு’ என்று தள்ளுங்கள். படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராமல் அது ஓடினால் எழுந்து கூடத்துக்கு வந்து, துணி மடிப்பது போன்ற அலுப்பான வேலை ஏதாவது செய்துவிட்டுக் கண் சொருகும்போது திரும்பப் போங்கள். படுக்கை என்றால் ஓரகத்தி என்று மூளை பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை உடைக்க இது.

அடுத்தது எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986 முதல் சோதித்து வரும் முறை. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம். கையை எடுக்காமல் எழுத வேண்டும், எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது. முதல் இரண்டு நாள் நடந்ததையும் பட்ட வேதனையையும் எழுதுங்கள். மூன்றாவது நாள் காட்சியைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்: அந்தக் கூடத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு விருந்தாளி உங்களையும் அவரையும் பார்த்து என்ன எழுதுவார்? உங்களை ‘நான்’ என்று எழுதாமல் ‘அவள்’ என்று எழுதுங்கள். நான்காவது நாள், இந்த ஒன்பது வருடத்தில் இந்தச் சம்பவம் உங்களை எதிலிருந்தெல்லாம் விலக்கி வைத்தது என்று எழுதுங்கள். பிறகு கிழித்துப் போடலாம். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. எழுதி முடித்த சற்று நேரத்துக்கு மனசு கனமாக இருக்கும், அது இயல்பு. அதனால் தூங்கப் போகுமுன் எழுத வேண்டாம். நாள் ஆக ஆக மோசமாகிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு ஆலோசகரைப் பாருங்கள். துக்கம், விபத்து போன்றவை நடந்த முதல் வாரங்களில் இந்த முறை வேண்டாம் என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

மன்னிப்பு பற்றி எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர் செய்யும் பிரிவு உங்களுக்கு உதவும். பழிவாங்கப் போவதில்லை, இவரையும் மற்றவர்களைப் போல் நடத்துவேன் என்று முடிவெடுப்பது ஒன்று; உள்ளே கசப்பு கரைவது இன்னொன்று. முதலாவதை இன்று மாலையே செய்யலாம். இரண்டாவது மெதுவாகத்தான் வரும், சில சமயம் முழுதாக வராது. வொர்திங்டன் இதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர் அல்லர். 1996 புத்தாண்டை ஒட்டி வீட்டுக்குள் புகுந்தவனால் அவருடைய தாய் கொல்லப்பட்டார். நம் ஊரில் மன்னிப்பு என்றால் உடனே ‘போய்க் கட்டிப்பிடி, ஒண்ணா சாப்பிடு’ என்கிறார்கள். அதெல்லாம் சமரசம். அதற்கு அவரும் மாறியிருக்க வேண்டும், மன்னிப்புக்கு அது தேவையில்லை. மன்னித்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

விசேஷத்துக்கு முன் மூன்று விஷயம் முடிவு செய்துகொள்ளுங்கள். எவ்வளவு நேரம் இருப்பீர்கள். யார் பக்கத்தில் உட்காருவீர்கள். அவர் மறுபடி குத்திக்காட்டினால் என்ன சொல்வீர்கள். மூன்றாவதற்கு நீளமான பதில் வேண்டாம். ‘அப்படிச் சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்குக்கா’ என்று சிரிக்காமல், குரல் ஏற்றாமல் சொல்லிவிட்டு அவர் முகத்தையே ஒரு விநாடி பாருங்கள். பந்தி பக்கம் நகர்ந்துவிடுங்கள். நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்; மனசுக்குள் மட்டும் ஒத்திகை பார்த்தால் அந்த நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அரசியல் சண்டை. பெரியப்பா அனுப்புவதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. குழுவை விட்டு வெளியேறினால் அது தனிச் சண்டை.
- வாசகி, ஈரோடு

வெளியேற வேண்டாம். ‘மியூட்’டில் 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று வசதி இருக்கிறது, மூன்றாவதைப் போட்டு ‘ஆர்க்கைவ்’ செய்துவிடுங்கள். நாளைக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு, பிறந்தநாள் வாழ்த்து ஏதும் விடுபட்டதா என்று மட்டும் பாருங்கள். பதில் எழுதியே தீர வேண்டும் என்றால் நோட்ஸில் எழுதி மறுநாள் படியுங்கள். அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம்தான், ஆனால் பெரியப்பா 15 விநாடியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். கோபத்தில் வாய்ஸ் மெசேஜ் கூடவே கூடாது.

கணவருக்குக் கோபம் வந்தால் தட்டை வீசுவார், சுவரைக் குத்துவார். இரண்டு முறை கழுத்தைப் பிடித்தார். மறுநாள் அழுவார். வெளியில் எல்லாருக்கும் நல்லவர். ‘கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்’ என்கிறார் மாமியார். அவர் கோபத்தைத் தணிக்க நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, திருப்பூர்

அவர் கோபத்தைத் தணிப்பது உங்கள் வேலை இல்லை. மேலே எழுதிய மூச்சு, மூன்று வாக்கியம் எதுவும் உங்களுக்கான பதிலும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். முதலாளி திட்டும்போது அவர் தட்டை வீசுகிறாரா? வெளியில் எல்லாருக்கும் நல்லவராக இருக்கிறார் என்றால் அவரால் தன்னைக் கட்டுப்படுத்த முடிகிறது; வீட்டில் கட்டுப்படுத்திக்கொள்வதில்லை. கழுத்தைப் பிடிப்பது மிகக் கடுமையான அபாய அறிகுறி. அப்படி நடந்த வீடுகளில் அடுத்து உயிராபத்து நேரும் வாய்ப்பு அதிகம். கழுத்து நெரிபட்ட பிறகு குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, தலைசுற்றல் இருந்தால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

181 பெண்கள் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடியை மட்டுமல்ல, மிரட்டல், இழிசொல், பணத்தைப் பிடுங்கி வைத்தல் ஆகியவற்றையும் வன்முறையாகவே கொள்கிறது. அதன்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரிடம் நீங்கள் புகார் கொடுக்கலாம். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்பதற்கு அவர் உதவ வேண்டும். ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் தற்காலிகத் தங்குமிடம், சட்ட ஆலோசனை கிடைக்கும். ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் சான்றிதழ் நகல், கொஞ்சம் ரொக்கம் இவற்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். சண்டை தொடங்கினால் சமையலறைக்குள் போகாதீர்கள். வெளிவாசல் உள்ள அறையில் இருங்கள். உடனடி ஆபத்துக்கு 112.

அவர் மாற விரும்பினால் தனியாக மனநல மருத்துவரைப் பார்க்கட்டும். வன்முறை நடக்கும் நிலையில் இருவரும் ஒன்றாகக் கவுன்சலிங் போக வேண்டாம். அங்கே நீங்கள் சொல்வதற்கு வீட்டில் விலை கொடுக்க நேரலாம். அவர் கண்ணீரை நம்பலாமா என்றால், தொடர்ந்து சிகிச்சைக்குப் போகிறாரா என்பதை மட்டும் பாருங்கள்.

அப்பா ஓய்வு பெற்று ஓராண்டு. சாது மனிதர். இப்போது டிவி சத்தம், காபி சூடு, எல்லாவற்றுக்கும் சிடுசிடு. வயசானால் இப்படித்தானா? நெஞ்சுக்கு ஆகாது என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். சாதுவாக இருந்தவர் அறுபதுக்கு மேல் மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.

தைராய்டு அதிகம் சுரந்தால் எரிச்சல், எடைக்குறைவு, கைநடுக்கம் வரும்; ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்று அம்மாவைக் கேளுங்கள். அப்படியானால் இரவுத் தூக்கமே அவருக்குக் கிடைப்பதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், சிடுசிடுப்போடு வியர்வையும் நடுக்கமும் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளும், வலிப்புக்குத் தரப்படும் லெவிடிராசிட்டமும் சிலருக்குக் கோபத்தை வரவழைக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். டிவி சத்தத்துக்குச் சண்டை என்று எழுதியதால் காதுப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காது மந்தமானவருக்குப் பாதிப் பேச்சு விளங்காது. வீட்டில் தன்னை மறைத்து ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மனச்சோர்வைப் பாருங்கள். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது சாதாரணம். பசி, தூக்கம் மாறியிருக்கிறதா, முன்பு பிடித்த விஷயத்தில் நாட்டம் போய்விட்டதா என்று கவனியுங்கள். பணம், நாகரிகம், கூச்சம் இவற்றில் முன்பில்லாத மாதிரி நடந்துகொண்டாலோ மறதி சேர்ந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும்.

நெஞ்சைப் பற்றிக் கேட்டீர்கள். 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கடும் கோபத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் உயர்வதாகக் கண்டது. ஆரோக்கியமானவருக்கு அந்த அபாயம் மிகச் சிறியது. ஏற்கெனவே அடைப்பு, ஸ்டென்ட் உள்ளவருக்குத்தான் கவலை. கோபத்துக்குப் பிறகு நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, வியர்வை வந்தால் ‘கேஸ்’ என்று சோடா கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

காபி சூட்டுக்கு ஒரு சின்ன யோசனை. முப்பது வருடம் ஃபைல் பார்த்தவருக்கு இப்போது வீட்டில் எந்தப் பொறுப்பும் இல்லை, அம்மாவின் சமையலறையை மேற்பார்வை பார்ப்பதைத் தவிர. பேரனை டியூஷனுக்கு அழைத்துப் போவது, ரேஷன், மின்கட்டணம் என்று ஒன்றிரண்டை முழுக்க அவர் கையில் கொடுத்து, எப்படிச் செய்கிறார் என்று யாரும் கேட்காமல் இருங்கள். காபியை அவரே சூடு பண்ணிக்கொள்ளட்டும்.